பெரட்டுக் களத்தில் ஒரு வாக்கெடுப்பு

"புதன்கிழமை. விடியற்காலையில் தூறல், பிறகு வெயில். மேல்பிரிவுப் பெரட்டில் கீர்த்தனாவின் சட்டப்படிப்பு குறித்து வாக்கெடுப்பு. ஒழுங்காக நடந்தது. மக்களின் விருப்பம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது."

என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன். அடுத்த நாள் பக்கத்தின் தலையில் வேறொரு வரி இருக்கிறது: "நேற்றைய குறிப்பில் வானிலை மட்டும் சரி."

இந்த இரண்டு குறிப்புகளுக்கும் நடுவே நடந்ததை, பாடசாலைகளில் உயர்கல்வி வழிகாட்டல் ஆசிரியர்களாகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இசட் புள்ளி, விண்ணப்பம், இணையப் பதிவு எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. ஓர் இடமும் கிடைக்காத பிள்ளை வந்து அழுதால் என்ன செய்வது என்று நம் எல்லோருக்கும் தெரியும். தேநீர் வாங்கிக் கொடுத்து அடுத்த வழியைப் பார்ப்போம். இரண்டு இடம் கிடைத்த பிள்ளை சிரித்துக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் பதுளை மாவட்டமே ஆலோசனை சொல்ல வரிசையில் நிற்கும்.

கீர்த்தனா எங்கள் பாடசாலையில் கலைப்பிரிவில் படித்தவள். வீடு ஹாலிஎலைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில். அப்பா சுப்பிரமணியம் அங்கே கங்காணி. காலையில் ஆட்களைப் பிரித்து மலைகளுக்கு அனுப்புவது அவர் வேலை. அம்மா செல்வராணி கொழுந்தெடுக்கிறார். கீர்த்தனாவுக்குச் சட்டம் படிக்க இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று யாழ்ப்பாணத்தில், அரச பல்கலைக்கழகத்தில். விடுதியில் தங்கி முழுநேரமாகப் படிக்க வேண்டும். மற்றது தொலைக்கல்வி. வீட்டிலிருந்தே படிக்கலாம், வார இறுதி வகுப்புகளுக்கு மட்டும் கொழும்புக்குப் போய்வர வேண்டும். இரண்டிலும் படித்து வழக்கறிஞர் ஆனவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் நல்லவைதான். சிக்கலே அதுதான். ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட வேண்டும், யாழ்ப்பாணத்துக்கான பதிவு அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

திங்கட்கிழமை என்னிடம் வந்தாள். நான் அட்டவணை போடுகிறவன். தூரம், விடுதி, விரிவுரை, மொழி, உடல்நலம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி வழங்கி, கீழே கூட்டிக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே கூட்டுத்தொகை வந்தது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"சேர், ரெண்டுக்கும் சமமா வரணும்னே புள்ளி போட்ட மாதிரி இருக்கு."

"நடுநிலைன்னு ஒண்ணு இருக்கில்ல பிள்ள."

"நடுநிலை ஒங்களுக்கு சரி சேர். எனக்கு வெள்ளிக்கிழம இருக்கு."

வீட்டிலும் நாலு பேரிடம் கேட்டுப் பார் என்று சொல்லி அனுப்பினேன். நம் தொழிலில் எல்லோரும் சொல்லும் வாசகம் இது. யாரை, எங்கே, எப்படிக் கேட்பது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

முதலில் உறவினர்களின் வட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறாள். லுணுகலையிலிருந்து ஒரு சித்தி ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார். கொழும்பில் கடையில் நிற்கும் மாமா இரண்டுக்கும் வாக்களித்தார். ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளை மனம் நோகக்கூடாது என்றார். பெரகலைப் பெரியப்பா, யாரும் கேட்காமலே தெரிவுகளில் மூன்றாவதாக 'நர்சிங்' என்று சேர்த்துவிட்டார். அன்று மாலைக்குள் நர்சிங் முன்னணிக்கு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். செல்வராணி தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அங்க மலையே இல்லியாமே சேர். எந்தப் பக்கம் திரும்புனாலும் மட்டமா இருக்குமாம். பிள்ளைக்கு தல சுத்தாதா?"

"மட்டத்துல எப்பிடிம்மா தல சுத்தும்?" என்றாள் கீர்த்தனா.

"பழகாத எடத்துல யாருக்கும் சுத்தும்."

பக்கத்து வீட்டுப் பாக்கியம் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் பேசினால் அந்த லயத்தில் மற்றவர்கள் கேட்பார்கள். வேறு வழியில்லை, குரல் அப்படி.

"நாலு வருசம் அங்கன இருந்தா இது யாழ்ப்பாணத்து ஆளு மாதிரி ஓமோம்னு பேச ஆரம்பிச்சிரும். பொறகு கோர்ட்டுல நமக்காகப் பேசுதா, எதிராளுக்குப் பேசுதான்னு நமக்கு எப்பிடி வெளங்கும்?"

"நீங்க கோர்ட்டுக்கு எதுக்குப் போறீங்க அத்த?"

"வக்கீலு இருக்கையில போகாம இருப்பாங்களா?"

கங்காணி சுப்பிரமணியம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "நா ஒத்த ஆளா முடிவெடுத்தா நாளைக்கி பிள்ள என்னயத்தான் சொல்லும். அவ அம்மா எடுத்தா அம்மாவச் சொல்லும். பெரட்டுல கேட்டுருவோம். பெரட்டு என்னா சொல்லுதோ அதுதான். சேர், நீங்களும் காலையில வந்து நில்லுங்க. படிச்ச ஆளு ஒருத்தர் பாத்திருக்கணும்."

பெரட்டு என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். காலையில் வேலைக்கு வருகிறவர்கள் ஒரு களத்தில் கூடுவார்கள். யார் எந்த மலைக்குப் போவது என்று அங்கேதான் பிரிப்பார்கள். அங்கே பெயர் பதிந்தால்தான் அன்றைய நாள் வேலை நாள். 'மலை' என்பது அங்கே தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பெயர்; ஒவ்வொன்றையும் நம்பர் சொல்லித்தான் அழைப்பார்கள். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போனது. ஒரு பெண்ணின் சட்டக் கல்வியை உழைக்கும் மக்கள் கூடி நின்று தீர்மானிக்கிறார்கள் என்று, நாட்குறிப்பில் எழுதப்போகும் வாக்கியத்தை பஸ்ஸிலேயே மனத்தில் கட்டத் தொடங்கினேன்.

புதன்கிழமை காலை களத்தின் ஒரு ஓரத்தில் கோயில். எதிர் ஓரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம். நடுவில் கங்காணி. ஓர் உரம் போடும் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. யாழ்ப்பாணம் போயி படிக்கட்டும்கிறவங்க கோயில் பக்கம் நில்லுங்க. வீட்டோட இருந்து படிக்கட்டும்கிறவங்க மடுவத்துப் பக்கம் நில்லுங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் மடுவத்துப் பக்கம் போய்விட்டது. போனது என்பது சரியான சொல் அல்ல. பாய்ந்தது. கோயில் பக்கம் ஒரே ஒருவர் மிஞ்சினார். லெட்சுமி அக்கா என்று எல்லோரும் அழைக்கும் பெண். கொழுந்தெடுப்பவர்கள் கட்டும் படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தனியாக நின்றார். கீர்த்தனா மடுவத்துச் சுவரோரம் என் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரட்டு சொல்லிருச்சு" என்றார் கங்காணி. செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகிழ்ச்சியில்தான். நான் முன்னால் வந்து இரண்டு வார்த்தை பேசினேன். பெரும்பான்மையின் கருத்தை மதிப்பது பற்றி. நன்றாகவே பேசினேன், எழுதி வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு கங்காணி வேலையைப் பிரித்தார். "பாதிப் பேரு ஏழாம் நம்பருக்கு ஏறுங்க." உடனே களம் கொதித்தது.

"ஓட்டுப் போட்ட பொறகு மேல ஏறச் சொன்னா என்னா அர்த்தம்?" என்றார் பாக்கியம். "நாங்க மடுவத்துப் பக்கம்தான நின்னோம்? சேரே பாத்தாரு. கேளுங்க."

"நா பாத்தேன்" என்றேன் நான், நேர்மையாக.

"ஓட்டு வேற, வேல வேற" என்றார் கங்காணி. அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். பெரட்டில் இப்படிச் சத்தம் வருவது வழக்கம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதை வரைக்கும் கீர்த்தனா என்னோடு இறங்கி வந்தாள்.

"சேர், அந்த ஓட்டு செல்லாது."

"தோத்தவங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க பிள்ள."

"தோத்தேனா? நா எந்தப் பக்கம்னு யாருகிட்டயும் சொல்லவே இல்லியே." சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். "நா தோத்த மாதிரியா இருக்கேன் சேர்?"

"கொஞ்சம்."

"அப்ப நா யாழ்ப்பாணம்" என்றாள், வேறு யாரைப் பற்றியோ செய்தி சொல்கிறவளைப் போல.

பிறகு எனக்கு விளக்கினாள். கோயிலுக்குப் பின்னால் இருந்துதான் ஏழாம் நம்பர் மலைக்குப் பாதை ஏறுகிறது. செங்குத்து, அட்டை, குளவிக்கூடு. மடுவத்துக்குக் கீழே மூன்றாம் நம்பர். ரோட்டோரம், மட்டமான நிலம், கையெட்டும் தூரத்தில் வீடு. எத்தனையோ வருடங்களாக அந்தக் களத்தில் கோயில் பக்கம் நிற்பவர்கள் மேலே போகிறார்கள், மடுவத்துப் பக்கம் நிற்பவர்கள் கீழே போகிறார்கள். கங்காணி வாளியில் ஏறி நின்று என்ன சொன்னாலும் கால்களுக்கு அது மட்டும்தான் தெரியும்.

"அட்ட கடிக்கிற மலைக்கு யாரு சேர் ஓட்டுப் போடுவா?"

அன்று பகலிலேயே அவள் இதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க ஆளுங்க பொய் ஓட்டுப் போடுவாங்கன்னு சொல்றியா?"

"பொய் ஓட்டு இல்லப்பா. உண்மையான ஓட்டுத்தான். ஆனா மூணாம் நம்பருக்கு."

சந்தேகம் இருந்தால் நாளைக்கும் கேட்போம், பக்கங்களை மாற்றி வைத்துக் கேட்போம், அதே முடிவு வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் சொல்ல, இவள் சரி என்றிருக்கிறாள். இன்னும் ஒரு சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதற்குள் மேன்முறையீடு.

வியாழக்கிழமையும் நான் போனேன். அதே வாளி, அதே ஆட்கள்.

"இன்னிக்கு மாத்தி நிக்கணும். நல்லாக் கேட்டுக்கங்க. யாழ்ப்பாணம் போகட்டும்கிறவங்க மடுவத்துப் பக்கம். வீட்டோட இருக்கட்டும்கிறவங்க கோயில் பக்கம்."

கூட்டம் மடுவத்துப் பக்கம் பாய்ந்தது. நேற்றைவிட வேகமாக. நேற்று ஏமாந்தவர்கள் இன்று முன்கூட்டியே அங்கே நின்றிருந்தார்கள். செல்வராணியும் அதே கூட்டத்தில் இருந்தார். மகள் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் படங்கைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்துகொண்டார். கோயில் பக்கம் மீண்டும் ஒரே ஒருவர். லெட்சுமி அக்கா.

கங்காணி வாளியின் மேலிருந்து அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார்.

"நேத்து வீட்டோட இருக்கட்டும்னீங்க. இன்னிக்கி யாழ்ப்பாணம்கிறீங்க. என்னா இது?"

"நாங்க எங்க மாறுனோம்?" என்றார் பாக்கியம். "நேத்தும் இங்கதான் நின்னோம், இன்னிக்கும் இங்கதான் நிக்கிறோம். ஊரத் தூக்கி அங்கிட்டும் இங்கிட்டும் வச்சது நீங்க."

சிரிப்பு எழுந்தது. கங்காணி சிரிக்கவில்லை. இத்தனை ஆட்களுக்கு முன்னால், படித்த ஆள் ஒருவரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, அவருடைய பெரட்டு இரண்டு நாளில் இரண்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. முகம் இறுகியது. வாளியிலிருந்து இறங்கினார்.

"அப்ப ரெண்டு ஓட்டும் வேணாம். இருக்கிறபடியே இருக்கட்டும். வீட்டோட படி. பேச்சு முடிஞ்சிருச்சு." பிறகு என்னைப் பார்த்து, "சேர், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. களம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் தொண்டையைச் செருமினேன். வீட்டிலிருந்து படிப்பதிலும் நன்மைகள் இல்லாமல் இல்லை என்று தொடங்கும் ஒரு வாக்கியம் நாக்கில் வந்து நின்றது. அட்டவணையில்கூட இருக்கிறது அது.

கீர்த்தனா என்னிடம் மெதுவாகத்தான் கேட்டாள். "சேர், ஒங்க புஸ்தகத்த யாரு டைப் பண்றா?"

பதுளை ரயில் என்றென்று தாமதமானது, எங்கெங்கே மண் சரிந்தது, எந்த நாளில் என்ன மழை என்று நான் எழுதிவரும் வரலாற்றுக் குறிப்புகளை அவள்தான் அப்போது கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். என் கையெழுத்தை வாசிக்கக்கூடிய வேறு ஆள் ஊவா மாகாணத்தில் இல்லை.

"சேருக்கும் மூணாம் நம்பருதான" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் நான் சொன்ன நல்ல ஆலோசனைகளில் அதுவும் ஒன்று என்றே இப்போது கணக்கில் வைத்திருக்கிறேன்.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, இன்னிக்கி ஏழாம் நம்பருக்கு யாரப் போடறதுன்னு இவங்ககிட்ட கேப்பீங்களா?"

"கேட்டா எவளாச்சும் மேல போவாளா? நாந்தான் பிரிப்பேன்."

"யாராச்சும் தானா வந்து, நா மேல போறேன்னு சொன்னா?"

"யாரு சொல்லுவா அப்பிடி?"

"சொன்னா என்னா செய்வீங்க?"

"என்னத்தச் செய்றது, பேரப் போட்டு அனுப்ப வேண்டியதுதான். தானா ஏறுறேன்கிற ஆள எந்தக் கங்காணி திருப்பி அனுப்புவான்?"

"அப்ப என் பேரப் போடுங்க. எனக்கு அந்த மேல் மலதான் வேணும். தூரந்தான், கஷ்டந்தான், எனக்குத் தெரியும். நானா ஏறுறேன்."

கங்காணி மகளைப் பார்த்தார். பிறகு, ஒவ்வொரு நாளும் செய்வதைப் போலவே, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துப் பெயரை எழுதிக்கொண்டு, அதைக் காதில் செருகினார்.

"போட்டாச்சு" என்றார். "போ. நாளைக்கி போயி பதிஞ்சிட்டு வா."

செல்வராணி மடுவத்துப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "தல சுத்துச்சின்னா ஒடனே போன்ல கோல் எடுத்துரு."

வெள்ளிக்கிழமை ஹாலிஎலையில் நானா என்று எல்லோரும் அழைக்கும் முஸ்லிம் கடைக்காரரின் கொமினிகேசன் கடையில், அங்கிருந்த கணினியில் பதிவை முடித்தோம். கங்காணியும் வந்திருந்தார். திரையில் 'வெற்றிகரமாகப் பதியப்பட்டது' என்று வந்ததும், இதற்கு மேல் எந்தக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று நானா சொன்னதை அவர் முழுவதும் நம்பவில்லை. அந்தத் திரையை ஒரு பிரதி எடுத்து, அதன் கீழே தானே கையெழுத்து வைத்து மடித்துக்கொண்டு போனார்.

உங்களுக்கு நான் இதிலிருந்து சொல்ல நினைப்பது இவ்வளவுதான். நாலு பேரிடம் கருத்துக் கேட்கச் சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் அந்த நாலு பேரும் எங்கே நின்று பதில் சொல்கிறார்கள், எந்தப் பதிலைச் சொன்னால் அவர்களுக்கு எந்த மலை கிடைக்கும் என்பதை முதலில் பாருங்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அட்டைக் கடிக்குப் பயந்தவர்கள். பிறகு உங்களுடைய மலை எது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பிள்ளை கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

கீர்த்தனா இப்போது யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள். விடுமுறையில் வந்தபோது, எந்த நேரத்தில் துணிவு வந்தது என்று கேட்டேன். என் குறிப்புக்காகத்தான். புதன்கிழமை காலை லெட்சுமி அக்கா தனியாகக் கோயில் பக்கம் நின்றதைப் பார்த்தபோது என்றாள். ஒரு ஆளாவது நம் பக்கம் இருக்கிறதே என்று இருந்ததாம்.

வரலாறு எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு தொல்லை. வியாழக்கிழமை அதே கோயில் பக்கம் நிற்பதற்கு, வீட்டோடு இருக்கட்டும் என்றுதான் பொருள். லெட்சுமி அக்கா அன்றும் அங்கேதான் நின்றார். ஆகவே விசாரித்தேன். பாக்கியம் சொன்னது: "அவ எனக்கு அண்ணி. ஆட்டுக் குட்டிப் பிரச்சினையிலருந்து நா நிக்கிற பக்கம் அவ நிக்க மாட்டா. நா மடுவத்துக்குப் போனா அவ கோயிலுக்குத்தான் போவா." கங்காணி சொன்னது: லெட்சுமி அக்காவின் மகன் கட்டாரில் இருக்கிறான், ஏழாம் நம்பர் உச்சியில்தான் அவருடைய போனுக்கு சிக்னல் வரும். லெட்சுமி அக்காவையே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎலைச் சந்தையில் பிடித்துக் கேட்டேன்.

"பிள்ள போகணும்னுதான் நின்னேன் சேர்."

"அப்ப ரெண்டாம் நாளு?"

"ரெண்டாம் நாளும் ஓட்டு நடந்துச்சா?" என்றார். "நா சாமி கும்புட்டுக்கிட்டு நின்னிருப்பேன். கங்காணி வாளி மேல ஏறி என்னமோ கத்துனாரு."

முதல் நாளாவது கத்தியது காதில் விழுந்ததா என்று கேட்பதற்குள், வெங்காயக் கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

இதைக் கீர்த்தனாவிடம் போனில் சொன்னேன்.

"சேர், இன்னும் எனக்கு ரெண்டு வருசம் இங்க கெடக்கு. அந்த ஒரு சாட்சிய மட்டும் குறுக்கு விசாரண செய்யாதீங்க."

செய்யவில்லை. ஆகவே, அந்தப் புதன்கிழமை காலை லெட்சுமி அக்கா கோயில் பக்கம் நின்றது கீர்த்தனாவுக்காகத்தானா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.